28 நாள் மாதம்

"எந்நேரமும் போனும் கையுமா இருக்கான்" என்ற புகார் இல்லாத வீடு இன்று இல்லை. பிள்ளை விடுதியில் தங்கிப் படித்தால் புகார் கொஞ்சம் உருமாறும்: "கையிலேயேதானே இருக்கு போனு, வீட்டுக்கு ரெண்டு வார்த்தை பேச முடியலையா?" இதற்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பாசம் விட்டுப்போச்சு என்று பெரியவர்கள் தீர்ப்பெழுதிவிடுவார்கள். இன்டர்னல் இருந்துச்சு, ரெக்கார்டு எழுதினேன் என்று பிள்ளைகள் ஏதோ சொல்லி நழுவிவிடுவார்கள். விடையில் பாதியாவது ரீசார்ஜ் பேக்கில் இருக்கிறது என்பது என் கட்சி. சிரிக்க வேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

அப்பாவின் மாதத்துக்கு 30 நாள், சில சமயம் 31. விடுதி மெஸ் பில்லுக்கும் அதே மாதம்தான். செல்போன் கம்பெனியின் மாதத்துக்கு மட்டும் 28 நாள். இப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 13 மாதம். ஜனவரி 1-ஆம் தேதி பேக் போட்டவன் அடுத்தது ஜனவரி 29-இல் போட வேண்டும், அதற்கடுத்தது பிப்ரவரி 26, பிறகு மார்ச் 26, ஏப்ரல் 23 என்று தேதி பின்னாலேயே நகரும். வீட்டிலிருந்து பணம் வருவது முதல் வாரத்தில். ஆக வருஷத் தொடக்கத்தில் மூன்று தடவை தொடர்ந்து, கையில் காசே இல்லாத மாதக் கடைசியில் வந்து நிற்கிறது ரீசார்ஜ். இந்தக் கூத்தைக் கண்டுதான் 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. அவை இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் வாயில் முதலில் வருவது இன்றைக்கும் 28 நாள் பேக்தான்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அந்த ஆயிரத்திலிருந்து முதலில் போவது பெரும்பாலும் ரீசார்ஜ். தன் எண்ணுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லா எண்ணுக்கும். யுபிஐ நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவன் அல்லது அவள்தானே. இடையில் ஒன்று: இந்தத் திட்டப் பணம் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். கல்லூரிக்குப் பக்கத்து வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஆதார் இணைப்புக்கு டிக் அடித்துவிட்டு, பழைய கணக்கைத் திறந்து பார்த்து "பணம் வரலையே" என்று அலைகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

ஒன்றரை ஜிபி எங்கே போகிறது

2024 ஜூலை விலை உயர்வில் ஜியோவின் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. அதையே வைத்துக்கொள்வோம். 480 தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறக்குறைய அரை ஜிபி போகும். அதையே 1080-இல் வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஐந்தங்குலம், ஆறங்குலத் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்கு மட்டும் தரத்தைக் குறைத்து நிரந்தரமாக வைத்துவிடலாம். ஒவ்வொரு வீடியோவிலும் போய் மாற்ற வேண்டாம். படத்தைவிட மோசம் ரீல்ஸ். நாம் பார்க்காமல் தள்ளிவிடுகிற அடுத்தடுத்த வீடியோக்களும் முன்கூட்டியே இறங்கி நின்றுகொண்டிருக்கும். தள்ளத் தள்ளச் செலவு.

சத்தமில்லாமல் தின்பது வாட்ஸாப். வகுப்புக் குழு, துறைக் குழு, விடுதிக் குழு, ஊர்க் குழு, சொந்தக்காரர் குழு என்று ஐந்தாறு இடத்திலிருந்து காலை வணக்கப் படமும், யாரோ அனுப்பிய 40 எம்பி பிடிஎஃபும் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் தானாக இறங்கும் நான்கு வகைகளையும் எடுத்துவிட வேண்டும். அதே பக்கத்தில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதைப் போட்டால் வீடியோ காலில் படம் கொஞ்சம் மங்கும், முகம் தெரியும். எதற்கு எவ்வளவு போனது என்பதும் அங்கேயே எண்ணாகத் தெரியும்.

மிச்சமானது நள்ளிரவு 12-க்குக் காலாவதி. அதனால்தான் பதினொன்றரை மணிக்கு விடுதி அறைகளில் ஒரு பரபரப்பு. மீதமிருக்கும் 300 எம்பியை எதிலாவது போட்டுத் தீர்க்க வேண்டும் என்ற துடிப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று எடுத்து வைக்கிற படங்களில் பாதியை யாரும் திறப்பதே இல்லை. இதே நேரக்கணக்கில்தான் வோடாஃபோன் ஐடியா நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கணக்கில்லாத டேட்டா கொடுத்து விடுதிப் பிள்ளைகளைப் பிடித்தது. அந்த சிம் வைத்திருப்பவன் எட்டு மணி வகுப்புக்கு எந்த நிலையில் வருவான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

5ஜி போன் இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்கலாம். ஜியோவில் நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு, அதாவது 28 நாளுக்கு 349 ரூபாயிலிருந்து, 5ஜி அளவில்லாமல் கிடைக்கும். ஆனால் அது 5ஜி சிக்னலில் இருக்கும்வரைதான். பழைய விடுதிக் கட்டடங்களின் உள்ளறைக்கு வந்ததும் போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கிக்கொள்ளும், அந்த நிமிடத்திலிருந்து 2 ஜிபி கரையத் தொடங்கும். ஹாட்ஸ்பாட் போட்டு அறை நண்பர்கள் மூன்று பேருக்கும் படியளக்கிறவன்தான் இதில் முதலில் மாட்டுவான். ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்ற சண்டைக்கு இப்போதெல்லாம் காற்று மட்டும் காரணமில்லை.

64-இல் நின்ற பிறகு

ஒதுக்கீடு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துபோவதில்லை. வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். ஒன்றரை ஜிபியை இந்த வேகத்தில் இறக்க வேண்டுமானால் 52 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த நிலையை வெறும் எரிச்சலாகப் பார்க்காமல், எது நிற்கிறது எது ஓடுகிறது என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். படம் நிற்கும். ரீல்ஸ் வட்டம் சுற்றும். கிரிக்கெட் ஸ்கோர் எண்ணாக மட்டும் வரும். வாட்ஸாப் எழுத்துச் செய்தி ஓடும். ஒரு நிமிட வாய்ஸ் நோட் அரை நிமிடத்துக்குள் போய்ச் சேரும். வீட்டிலிருந்து வருகிற போட்டோ கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். யுபிஐ பெரும்பாலும் போகும், சில நேரம் பாதியில் நிற்கும். அப்போது பதறி இரண்டாவது தடவை அனுப்பாமல் முதல் பரிவர்த்தனையின் நிலையைப் பார்ப்பது நல்லது. சாதாரண போன் அழைப்புக்கு எதுவும் ஆகாது. அது டேட்டா கணக்கிலேயே வருவதில்லை.

ஆக பொழுதுபோக்கு முழுவதும் நின்றுபோய், குடும்பம் மட்டும் மிச்சமிருக்கிற வேகம் அது. பத்தரை மணிக்கு மேல் விடுதி வராந்தாவில், மொட்டைமாடிப் படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் காதில் போனோடு நடமாடுகிறவர்கள் திடீரென்று கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தனை பேரும் வீட்டோடுதான் பேசுகிறார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வீட்டோடு நீளமாகப் பேசுகிற பேச்சு பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கிறது. அதற்குள் அங்கே அப்பா தூங்கியிருப்பார்.

சிக்கல் இங்கேதான். அம்மாக்களுக்குப் பழகிப்போன பொத்தான் வாட்ஸாப்பில் இருக்கிற வீடியோ கால். முகத்தைப் பார்த்தால்தான் பிள்ளை சாப்பிட்டதா இல்லையா என்று தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை, அது முழுக்கத் தப்பும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு அந்த அழைப்பு வரும்போது இங்கே வேகம் 64. எடுத்தால் முகம் உறைந்து நிற்கும், குரல் அறுந்து அறுந்து வரும். எடுக்காமல் விட்டால் "வேணும்னே எடுக்க மாட்டேங்கறான்". உண்மைக் காரணத்தைச் சொன்னால் "அப்படி என்னத்தைப் பாத்துத் தீத்த?" என்ற அடுத்த கேள்வி வரும். அதனால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. தீர்வு சுலபம்: வாட்ஸாப் அழைப்பை வெட்டிவிட்டு உடனே சாதாரண எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுவது. அம்மாவின் போன் முகப்புத் திரையில் சாதாரண அழைப்புக்கான ஒற்றைப் பொத்தானை வைத்துக்கொடுப்பது இன்னும் நல்லது. அறைக்குள் சிக்னலே இல்லாமல் கல்லூரி வைஃபை மட்டும் இருந்தால், போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதே எண், அதே அழைப்பு, தனிக் கட்டணம் இல்லை. கல்லூரி வைஃபையில் சில இடங்களில் அதையும் தடுத்து வைத்திருப்பார்கள்; ஒரு தடவை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஒதுக்கீடு இருப்பதை நாம் கவனிப்பதில்லை. மாலை ஆறிலிருந்து பத்து வரை சீரியல். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து வருகிற அழைப்பு பெரும்பாலும் விளம்பர இடைவேளையில் வருவது. தொலைக்காட்சியில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அதை இரண்டு மூன்றாக வெட்டினால் ஒரு இடைவேளைக்கு நாலு நிமிடம் தேறும். "சாப்பிட்டியா, என்ன கொழம்பு, சளி எப்படியிருக்கு, பணம் இருக்கா, சரி வச்சிரட்டுமா" என்ற அந்த முழு உரையாடலும் கச்சிதமாக நாலு நிமிடத்துக்குள் அடங்குகிறது. அவசரம் இரண்டு பக்கமும் உண்டு. பிள்ளை மட்டும்தான் வெட்டிப் பேசுகிறான் என்று சொல்வது கொஞ்சம் ஓரவஞ்சனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுப் பாருங்கள், அந்த ஆட்களே வேறு மாதிரி பேசுவார்கள்.

ஓடிபி யாருக்கு வருகிறது

போனும் கையுமாக இருக்கிற நேரத்தில் எவ்வளவு வீட்டு வேலை என்று எந்த அப்பாவும் கணக்குப் போட்டதில்லை. இரண்டு மாதத்துக்கொரு முறை கரன்ட் பில்லைப் பிள்ளைதான் கட்டும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். இணைப்பு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் ஊரில் யாருடைய பில்லோ கட்டப்பட்டுவிடும். பணம் கட்டும் முன் திரையில் வருகிற பெயரைப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். தம்பியின் விண்ணப்பம், அம்மாவின் உரிமைத்தொகை 15-ஆம் தேதி வந்துவிட்டதா என்ற விசாரணை, பட்டா நகல் எல்லாம் இதே கையில்தான் நடக்கின்றன.

இதில் பெரிய கோளாறு, எல்லாவற்றுக்கும் பிள்ளையின் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பது. "அவன் நம்பரையே போட்டுடுங்க, அவனுக்குத்தான் தெரியும்" என்று ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் நிற்கும், கொண்டுவந்தவர் குறியீட்டு எண் கேட்பார், அது 300 கிலோமீட்டருக்கு அப்பால் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவரின் போனுக்குப் போயிருக்கும். இரண்டாவது பீரியடில் அம்மாவிடமிருந்து அடுத்தடுத்து நான்கு அழைப்பு வந்தால் யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். விஷயம் சிலிண்டர். வீட்டு டிவியில் ஜியோஹாட்ஸ்டார் தானாக லாகவுட் ஆகிவிட்டால் அதே கதை. எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போகிற ஏற்பாடு அது, ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம். பிள்ளை வகுப்பு முடிந்து பார்க்கும்போது அதுவும் செத்திருக்கும், வீட்டில் மேட்சும் முடிந்திருக்கும்.

வீட்டில் இருக்கிற ஆளின் வேலைக்கு வீட்டில் இருக்கிற ஆளின் எண். அவ்வளவுதான் விதி. கேஸ் ஏஜென்சியில் அம்மாவின் எண்ணைப் பதிவு செய்துவிட்டால் மிஸ்டு கால் பதிவும் அவரே செய்துகொள்ளலாம். பதிவு பெற்ற எண்ணிலிருந்து கூப்பிட்டால் மட்டுமே அது ஏற்கும். டிவி சந்தாவும் அம்மா எண்ணில். சந்தா வாங்கும்போது மலிவாக இருக்கிறதே என்று மொபைல் திட்டத்தை வாங்கினால் அது டிவியில் ஓடாது, ஒரே ஒரு போனில்தான் ஓடும்; சூப்பர் திட்டத்தில் இரண்டு கருவி. வீட்டு டிவிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று சரியாக இருக்கும். வங்கிக்கு மட்டும் அவரவர் எண். பெற்றோரின் வங்கி எண்ணைத் தன் போனுக்கு மாற்றிக்கொள்வது வசதியாகத் தெரியும், ஆனால் ஏடிஎம் வாசலில் நிற்கிறவர்கள் அவர்கள்.

இப்படி மாற்றிய பிறகு அம்மாவின் சிம் காலாவதியாகவே கூடாது என்ற புதுப் பொறுப்பு வரும். பேக் முடிந்ததும் முதலில் வெளியே போகிற அழைப்பு நிற்கும், சில நாளில் உள்ளே வருவதும் நிற்கும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணே கைமாறிப்போக வாய்ப்பு உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி மூன்றும் அந்த எண்ணில் இருந்தால் அதன்பிறகு அலைச்சல் என்ன என்பதைப் பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று சிம், ஒரு தேதி

நான் சொல்ல வந்ததே இந்தக் கணக்குதான், மற்றதெல்லாம் முன்கதை. வீட்டில் மூன்று சிம் என்று வைப்போம்: பிள்ளை, அம்மா, அப்பா. எல்லாருக்கும் 299 என்றால் 28 நாளைக்கு 897 ரூபாய். அதே 1.5 ஜிபி 84 நாளுக்கு 799. நாளொன்றுக்கு 10 ரூபாய் 68 காசுக்குப் பதில் 9 ரூபாய் 51 காசு. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் 2,397 ரூபாய் எந்த மாணவனிடமும் இருக்காது. இங்கே 84 என்பது மூன்று 28 என்பதைக் கவனியுங்கள். மூன்று சிம்மையும் 28 நாள் இடைவெளியில் நிறுத்திவிட்டால், சுற்றுக்கு ஒரே ஒரு சிம்முக்கு 799 போட்டால் போதும். ஒரு சுற்றில் பிள்ளை, அடுத்ததில் அம்மா, அதற்கடுத்ததில் அப்பா, மறுபடி பிள்ளை. 897 போய்க்கொண்டிருந்த இடத்தில் 799.

தொடங்குவதுதான் கஷ்டம். முதல் சுற்றில் தனக்கு 799, மற்ற இருவருக்கும் 299 வீதம், மொத்தம் 1,397. இரண்டாவது சுற்றில் அம்மாவுக்கு 799, அப்பாவுக்கு 299, 1,098. மூன்றாவதில் அப்பாவுக்கு 799, அதோடு வண்டி சீராகிவிடும். முதல் இரண்டு சுற்றில் கூடுதலாகப் போகிற 701 ரூபாய், சுற்றுக்கு 98 என்று திரும்பி வர எட்டுச் சுற்று ஆகும். எனவே முதல் வருஷத்தில் பெரிய லாபம் என்று யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. சுற்றுக்கு ஒரு தேதி, ஒரு தொகை என்று இருப்பதுதான் இதன் சுகம். மூன்று தேதி மூன்று பக்கம் இருந்தால் ஒன்று நிச்சயம் மறக்கும், அது அம்மாவுடையதாகத்தான் இருக்கும். உதவித்தொகை வந்த மாதத்தில் தொடங்குங்கள். தேர்வுக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் தொடங்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. ஜியோவில் பேக் முடியும் முன்பே அடுத்ததைப் போட்டால் அது வரிசையில் காத்திருக்கும், நாள் வீணாகாது. 2024 ஜூலையில் விலை ஏறும் முன் பலர் பழைய விலையில் பேக்குகளை வரிசை கட்டி வைத்துக்கொண்டது இதனால்தான். மற்ற நிறுவனங்களில் பேக்கைப் பொறுத்து மாறும், போடும் முன் திரையில் வருகிற புதிய முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கிற பாட்டிக்கு டேட்டா பேக் போடுவது தண்டச் செலவு. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கிய பிறகு அப்படி வந்தவற்றில் ஜியோவுடையது 84 நாளுக்கு 448 ரூபாய். இதைக் கேட்டதும் அப்பாவும் "எனக்கும் அதையே போடுடா, எனக்கு எதுக்கு நெட்டு" என்பார். 351 ரூபாய் மிச்சம் என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். அவருடைய போனில் சென்ற ஒரு வார டேட்டா கணக்கைத் திறந்து பாருங்கள். பழைய பாட்டு, மோட்டார் ரிப்பேர், கோழி வளர்ப்பு, அரசியல் மேடைப் பேச்சு என்று யூடியூபில் மட்டும் அவர் நாளொன்றுக்கு ஒரு ஜிபியைத் தாண்டியிருந்தால் ஆச்சரியமில்லை. 799-ஐயே போட்டுவிட்டு 448 என்று சொல்லிவிடுங்கள்.